கூடையைப் பின்னியவரும் கடையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஏப்ரலில் மகன் வழிப் பேரனைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா சீசனுக்குப் போயிருந்தேன். கிரகரி வாவிக் கரையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். பிளாஸ்டிக் துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி, குல்லா, ஸ்வெட்டர், சோளப்பொரி, மறுபடியும் பிளாஸ்டிக் துப்பாக்கி. ஒரு கடையில் மட்டும் சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி விரலளவுத் தேயிலைக் கொழுந்துக் கூடைகள் தொங்கின. எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாரில் பின்னியது. "இது எங்க செஞ்சது தம்பி?" என்று கேட்டேன். "கொழும்புல இருந்து வருது ஐயா, மொத்தமாத்தான் எடுக்கிறோம்" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை வாடகையைத் தேடினால் போதும் என்று நிற்கிறவன். ஆனாலும் கொழுந்துக் கூடை கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறது என்ற விஷயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

காரணம் உண்டு. நான் கூடை பின்னியவரின் மகன்.

அப்பா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை இல்லாத நாட்களிலும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து கூடை பின்னுவார். ஆற்றோரத்து மூங்கிலை முற்றலும் இல்லாமல் பிஞ்சும் இல்லாமல் பார்த்து வெட்ட வேண்டும். பிளந்து, கணுவைச் சீவி, பிளாச்சுகளை ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைப்பார். கூடையின் அடி சதுரம், வாய் வட்டம். அந்தச் சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று எத்தனையோ தடவை பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, முதுகில் படுகிற பக்கத்தை மட்டும் மறுபடி கத்தியால் வழித்துவிடுவார். ஒரு பிளாச்சு முனை நீட்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க ஒரு பொம்பிளையின் முதுகைக் குத்துமே.

அந்தக் கூடை இப்போது மலையில் அநேகமாக இல்லை. நைலோன் பையும் சாக்கும் வந்துவிட்டன. பாரம் குறைவு, மழையில் ஊறாது, விலையும் மலிவு. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு அது நல்லதுதான். அம்மாவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு பதிந்து முடி உதிர்ந்த தடத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான், கூடையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். நான் கேட்பது வேறு. அதைச் சொல்வதற்கு முன், நான் கண்ட இன்னொரு சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி என்ற ஊரில் இருக்கிறாள். 2019ஆம் வருஷம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் பக்கத்து ஹோட்டல்களெல்லாம் ஈயோட்டிக்கொண்டிருந்த நேரம், அவளுடைய பிள்ளைப்பேற்றுக்காக நானும் மனைவியும் அங்கே போய் மூன்று மாதம் இருந்தோம். ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை மருமகன் என்னைச் சாண்டா ஃபே நகருக்குக் கூட்டிப்போனார். மனைவி பிள்ளையோடு வீட்டில் நின்றுவிட்டாள். ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் நுவரெலியாவே 6,000 அடிக்குச் சற்று மேல்தான். ஆனால் பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். செம்மண், வறண்ட குன்று, மண்கல்லால் கட்டிய வீடுகள். நடு ஊரில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றி வெள்ளைக் கூடாரங்கள். 'ஸ்பானியச் சந்தை' என்று சொல்கிறார்கள். வருஷா வருஷம் ஜூலைக் கடைசி வார இறுதியில் இரண்டே நாள் நடக்கும். குளிர்காலத்தில் சின்னதாக இன்னொன்றும் நடந்ததுண்டு.

சரி, ஸ்பெயினுக்கும் அமெரிக்காவின் நடு வறண்ட மலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து வடக்கே ஏறி 1598இல் அங்கே குடியேறியவர்கள். சாண்டா ஃபே 1610அளவில் உண்டான ஊர். மெக்சிகோ நகரிலிருந்து சாமான் வண்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கோயிலுக்குச் சுரூபம் வேண்டும், வீட்டில் கும்பிடப் படம் வேண்டும், போர்த்தக் கம்பளி வேண்டும். கையில் கிடைத்ததை வைத்து எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள். 1821இல் அந்த நிலம் மெக்சிகோவுக்குப் போனது, 1848இல் அமெரிக்காவுக்குப் போனது. ஆள் நகரவில்லை, நாடு மாறிவிட்டது. நமக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1948இல், குடியுரிமைச் சட்டத்தால் ஆள் நகராமலே நாடு இல்லாமல் போனது. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் குடியுரிமையாவது கொடுத்தார்கள்.

அந்தச் சந்தையின் சட்டம்தான் என்னை நிறுத்தி வைத்தது. செய்தவர்தான் மேசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். வாங்கி விற்கக் கூடாது. அந்த மாநிலத்தையோ பக்கத்துக் கொலராடோவின் தென்பகுதியையோ சேர்ந்த, ஸ்பானிய வழி வந்தவராக இருக்க வேண்டும். அதற்கு மேல் பொருளையும் பார்க்கிறார்கள். என்ன மரம், என்ன சாயம், எப்படிச் செய்தது என்று ஒரு குழு பார்த்து ஒத்துக்கொண்டால்தான் இடம். பலகையில் வரைகிற சாமி படத்துக்கு 'ரெட்டாப்லோ' என்று பெயர். பைன் பலகையை எடுத்து, ஜிப்சத் தூளை மாட்டுத்தோல் பசையில் குழைத்துப் பூசி, அதன்மேல் மண்சாயமும் அவுரியும், கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியின் சிவப்பும் கொண்டு வரைந்து, கடைசியில் பைன் பிசினைக் கரைத்துப் பூசுகிறார்கள். செதுக்குகிற சாமி 'புல்டோ'. அதற்குக் கொட்டன்வுட் என்ற மரத்தின் வேரை எடுக்கிறார்கள். வேர்தான் லேசு, நார் ஓடாது, கத்திக்கு இடம் கொடுக்கும் என்று ஒருவர் வெட்டிக் காட்டினார். இதைக் கேட்டபோது என் நினைவெல்லாம் இங்கே பழைய தேயிலை மலையைப் பிடுங்கிப் போடும்போது குவிகிற தேயிலைத் தூரிலும் வேரிலும்தான் இருந்தது. நாம் அதை அடுப்புக்குத்தான் வைக்கிறோம். அங்கொருவர் இங்கொருவர் அதைத் தேய்த்து முக்காலி, யானை, பாம்பு என்று செய்கிறார்கள். அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.

வைக்கோல் வேலை செய்கிற ஒரு அம்மாவின் மேசையில் அரை மணி நேரம் நின்றேன். கறுப்புப் பூசிய மரச் சிலுவையில் கோதுமை வைக்கோலையும் சோளத் தோலையும் நெல்முனை அளவுக்கு நறுக்கி ஒட்டிக் கோலம் போல் செய்திருந்தார். வெயில் பட்டதும் அசல் தங்கத் தகடு. அங்கே தங்கத் தகடு வாங்க வழியில்லாததால் வந்த வேலைதான் அது என்றார். நடுவில் அது அநேகமாக அற்றே போய்விட்டதாம். 1930களில், வேலையில்லாத கலைஞர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த திட்டத்தில், எலிசியோ ரொட்ரிகெஸ் என்ற ஓவியரை இதைச் செய்து பார்க்கச் சொன்னார்கள். அவரும் மனைவியும் பழைய சிலுவைகளைப் பார்த்துப் பழகி, பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டார்கள். ஒரு குடும்பம் பிடித்துக்கொண்டதால் தப்பித்த கலை.

தகர வேலையும் அப்படித்தான். அமெரிக்கப் பட்டாளமும் வியாபாரிகளும் கொண்டுவந்த கொழுப்பு டின், எண்ணெய் டின் எல்லாம் குப்பையில் விழுந்தபோது, அதை வெட்டி, ஆணியால் குத்திப் பூப்போட்டு, சாமி படத்துக்குச் சட்டமும் மெழுகுதிரி விளக்கும் செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு, சிவன் மன்மதனை எரித்த கதையைத் தோட்டத்தில் ஆடுகிற நம் காமன் கூத்தின் கிரீடம் ஞாபகம் வந்தது. நான் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் கிரீடம், புஜக்கட்டை எல்லாம் செய்தவர், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு வேலையாள். தேயிலைப் பெட்டிக்குள் வைத்து அடிக்கிற ஈயத்தாளில் கிழிந்து ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வருவார். கலியாண முருங்கைக் கட்டையைச் சீவி, அதன்மேல் தாளை ஒட்டி, உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார். மாசி மாதம் காமன் பொட்டலில் பெட்ரோமெக்ஸ் வெளிச்சம் அதில் பட்டால், அன்றாடம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் எங்களோடு நிற்கிற மனிதன் அசல் மன்மதனாகிவிடுவான். அந்தக் கிரீடம் ஒன்றுகூட இன்று இல்லை. அடுத்த வருஷத்துக்கு வேறு செய்யலாம் என்ற தைரியத்தில் யாரும் பத்திரப்படுத்தவில்லை. பிறகு செய்கிறவர் போய்விட்டார். இப்போது கிரீடம் கடையில் வாடகைக்கு வருகிறது.

அம்மா செய்ததையும் சொல்ல வேண்டும். கோதுமை மா சாக்கு வெள்ளைத் துணியில் வந்த காலம். எழுத்துப் போகும்வரை சாம்பலும் சவுக்காரமும் போட்டு வெளுத்து, தலையணை உறை தைத்து, மூலையில் இரண்டு கிளி போடுவார். கிளியின் மூக்குக்குச் சிவப்பு நூல் வாங்கக் காசு இருக்காது. கிழிந்த சேலையின் ஓரத்திலிருந்து நூல் உருவுவார். சாண்டா ஃபேயில் 'கோல்ச்சா' என்று கம்பளி நூலில் போட்ட தையலை ஒரு மேசையில் விரித்திருந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு, அம்மாவின் தலையணை உறைகளை எண்ணிப் பார்த்தேன். பழசானதும் அவை அடுப்படியில் கரித்துணியானதும் நினைவுக்கு வந்தது.

சாமிகளில் எனக்குப் பிடித்தது சான் இசிட்ரோ. விவசாயிகளின் சாமி. தலையில் தொப்பி, பக்கத்தில் ஏர் பூட்டிய மாடு. அவர் செபம் செய்துகொண்டிருக்க, தேவதூதர் வந்து அவருக்குப் பதிலாக உழுவார். நமக்குக் கவ்வாத்துசாமி உண்டு, ஸ்டோர் ரோதையில் குடியிருக்கிற ரோதமுனியும் உண்டு. கத்தி காலில் படாமல் அவர் பார்த்துக்கொள்வார், மெசினில் கை போகாமல் இவர் பார்த்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். கேட்டதைக் கொடுக்காவிட்டால் புனித அந்தோனியாரைத் தலைகீழாக வைத்துவிடுவார்களாம் அங்கே. செதுக்குகிற பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் முனியாண்டியையும் நாங்கள் அப்படித் திட்டுவதுண்டு என்றேன். மருமகன்தான் மொழிபெயர்த்தார், என்ன சொன்னாரோ தெரியாது, பெரியவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வெள்ளைக்கார நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நான் புகழ வந்ததாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. அந்தச் சந்தையை நடத்திய சங்கத்தை 1925இல் தொடங்கியவர்கள் மேரி ஆஸ்டின் என்ற எழுத்தாளரும் ஃபிராங்க் அப்பில்கேட் என்ற ஓவியரும். இரண்டு பேருமே வெளியிலிருந்து வந்தவர்கள், ஸ்பானிய வழியினர் இல்லை. 1926இல் முதல் சந்தை. அந்தக் காலத்தில் கோர்டோவா என்ற மலைக் கிராமத்தில் ஹோசே டொலோரஸ் லோப்பஸ் என்றொரு தச்சர் இருந்தார். அவர் செய்ததற்குப் பளிச்சென்று வர்ணம் அடிப்பார். வாங்குகிற சீமான்களுக்கு அது கண்ணை உறுத்தியது. வர்ணம் வேண்டாம், மரமாகவே விடு என்றார்கள். அவரும் விட்டார். இன்று கோர்டோவா வேலை என்றாலே வர்ணமில்லாத மரம் என்றாகிவிட்டது. வாங்குகிறவனின் கண்ணுக்காக மாறியதே பிறகு பரம்பரை ஆகிவிட்டது. இதை நாம் மறக்கக் கூடாது. நாளைக்கு நம் கிரீடத்தைப் பார்த்து, "கண்ணாடித் துண்டு கொஞ்சம் மலிவாகத் தெரிகிறதே, எடுத்துவிடலாமே" என்று சொல்ல ஆள் வரும். நடுவில் 1930களிலேயே நின்றுபோய், 1965இல்தான் அந்தச் சந்தை மறுபடி தொடங்கியதாம். பழைய முறையில்தான் செய்ய வேண்டும் என்ற சட்டம் பிடிக்காதவர்கள், அதே இரண்டு நாளில் பக்கத்துத் தெருவில் புதுப்பாணிச் சந்தை ஒன்றை நடத்துகிறார்கள். நான் அங்கேயும் போனேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டி, இடி இடித்து, மழை கொட்டியது. எல்லோரும் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துச் சாமிகளை மூடினார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அங்கே தனியே இடம் உண்டு, பெற்றோரின் மேசைக்குப் பக்கத்தில். ஒரு சிறுமி தன்னுடைய ஐந்து சின்னப் படங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதில் ஒன்றை 20 டொலருக்கு வாங்கினேன். பின்பக்கத்தில் அவள் பெயரும் வயதும் எழுதியிருந்தது. அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினேன்.

நம்மிடம் அந்த எழுத்து இல்லை. 2023இல் மலையகம் வந்து 200 வருஷம் என்று ஊரெங்கும் விழா எடுத்தோம். எடுத்தது நல்லதுதான். அப்போது மேடை அலங்காரத்துக்கென்று என் வீட்டிலிருந்த அப்பாவின் கூடைகளில் மூன்றைக் கேட்டு வாங்கிப்போனார்கள். மேடையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். யார் பின்னியது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு திரும்பி வந்தன. ஒன்றில் ஆணி ஓட்டை.

தப்பு என்கிற தோல் பறையைப் பற்றியும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். கட்டையில் வட்டச் சட்டம் செய்து, தோலை ஊறவைத்து மயிர் களைந்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலில் காயவைத்து, நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுகிற வேலை அது. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் தப்பு இல்லாமல் ஓர் அடி நகராது. ஆனால் சாவு வீட்டில் அடிப்பது, இன்னாருடைய தொழில் என்று ஒதுக்கினோம். பாடசாலையில் சித்திரம் படிப்பித்த 31 வருஷத்தில் ஒரு நாளாவது தப்புச் செய்கிறவரை வகுப்புக்கு அழைத்தேனா? இல்லை. அழைத்தால் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பானையும் பூச்சாடியும் வைத்து வரையச் சொன்னேன். பூச்சாடி எந்த லயத்து வீட்டில் இருந்தது? அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கண்டிப் பக்கத்துக் கைப்பணிகளைப் பாருங்கள். பிலிமத்தலாவை என்றால் பித்தளை, தும்பறை என்றால் பாய். ஊர்ப் பெயரே முத்திரை. அந்த மதிப்பு அவர்களுக்கு உரியதுதான். கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கே கூடையும் கத்தியும் தப்பும் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கூடைக்கு இனி ஒரு தங்கச்சியோ தம்பியோ பிறக்காது. அதற்குச் சந்தை வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சீசன் மாதத்தில் ஒரே ஒரு சனி, ஞாயிறு. வாவிக் கரையிலோ விக்டோரியா பூங்கா வாசலிலோ இருபது மேசை. வாடகை வேண்டாம், டெண்டர் வேண்டாம். டெண்டர் என்று வந்தாலே தோட்டத்து ஆள் ஒதுங்கிவிடுவான். செய்தவரே உட்கார வேண்டும், பொருளின் அடியில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். மூங்கில் என்றால் மூங்கில், பிளாஸ்டிக் நார் கூடாது. மேசையைப் பார்த்து இடம் கொடுக்கிற குழுவில் பாதிப் பேராவது கையால் செய்கிறவர்களாக இருக்கட்டும், மிச்சப் பாதியில் என்னைப் போன்ற வாத்தியார்கள் போதும். பிள்ளைகளுக்கு ஒரு நீள மேசை. திறப்பு விழா, பொன்னாடை எல்லாம் வேண்டாம். சந்தை காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்றால் எட்டு மணிக்குத் திறக்கட்டும், பிரதம அதிதிக்காகப் பதினொரு மணிவரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

விலையைப் பற்றியும் ஒன்று. செய்கிறவர் சொல்கிற விலைதான் விலை. ஒரு கூடைக்கு அப்பாவுக்கு முழுதாக இரண்டு நாள் போகும். இரண்டு நாள் பேருக்கு, அதாவது இரண்டு நாள் கூலிக்குக் குறைவாக அதை விற்றால் அந்தச் சந்தை நடக்காமல் இருப்பதே மேல். உல்லாசப் பயணிகள் பேரம் பேசுவார்கள், பேசட்டும். நம்மவர்கள்தான் அதிகம் பேசுவார்கள், அது எனக்குத் தெரியும்.

சீசன் கடைகளுக்கான வேலை தை, மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இதைப் பற்றி உள்ளூராட்சிச் சபைகளில் இருப்பவர்களும் தொழிற்சங்கக்காரர்களும் கலைமன்றத்தாரும் பேசுவதாக இருந்தால் கார்த்திகை, மார்கழியிலேயே பேச வேண்டும். நான் மூன்று பாடசாலை அதிபர்களுடன் பேசிவிட்டேன். பிள்ளைகளின் மேசைக்கு அவர்கள் சம்மதம்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள், இடமிருந்தால் பிரசுரியுங்கள். அப்பா கடைசியாகத் தொடங்கிய கூடை என்னிடம் இருக்கிறது. அடியும் முக்கால்வாசி உடம்பும் முடிந்துவிட்டது, வாய் கட்டவில்லை. பிளாச்சு காய்ந்து விறைத்திருக்கிறது, ஊறவைத்தால் வளையுமா, முறியுமா என்று தெரியாமல் தொடப் பயந்து வைத்திருக்கிறேன். கொட்டகலை, பத்தனை, வட்டவளை, நோர்வூட் பக்கம் வாய் கட்டத் தெரிந்த ஐயாவோ அம்மாவோ இருந்தால் உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வரி எழுதட்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். இரண்டு நாள் பேரும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.